ஒவ்வாமைத் தடிமனுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே: ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடிக்கலாமா?

கொட்டகலை அம்மா: மகளுக்கு விடிந்தால் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. டாக்டர் ஒவ்வாமை என்று சொல்லி மொமெட்டசோன் என்ற மூக்கு ஸ்பிரே எழுதித் தந்திருக்கிறார். ஸ்டீராய்டு என்பதால் பயமாக இருக்கிறது.

பண்டாரவளை ஆசிரியர்: வேண்டாம் தங்கச்சி. ஸ்டீராய்டு குளிசையால் முகம் ஊதி, சீனி ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள், ஆவி பிடிக்க வையுங்கள். மூக்கு ஸ்பிரே பழகினால் விடாது. என் தம்பி பாமசியில் தானாக வாங்கி அடித்தான். இன்று அது இல்லாமல் அவனுக்கு உறக்கமில்லை.

ஹட்டன் மருந்தாளர்: சேர், தம்பியின் போத்தலைப் பாருங்கள். பெரும்பாலும் ஆக்ஸிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் என்றிருக்கும். அது இரத்தக் குழாயைச் சுருக்கி நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து அடித்தால் முன்னையதைவிட மோசமாக அடைக்கலாம். மொமெட்டசோன் அந்த இனமே அல்ல. வீக்கத்தை மெல்லத் தணிக்கும், அப்படிப் பழக்கப்படுத்தாது. குளிசை உடல் முழுவதும் பரவுகிறது. இந்த ஸ்பிரேயில் இரத்தத்துக்குப் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளைக்குக் கொதிநீரில் ஆவி பிடிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். பாத்திரம் கவிழ்ந்தால் வெந்துவிடும்.

தலவாக்கலை தொழிலாளி: நான் தேயிலைத் தொழிற்சாலையில் தூசுக்குள் நிற்பவன். புளூட்டிகசோன் என்ற இதே வகை ஸ்பிரே அடித்தேன், மூக்கில் இரத்தம் வந்தது, பலனும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ஹட்டன் மருந்தாளர்: மூக்கின் நடுச்சுவரில் அடித்திருப்பீர்கள் அண்ணன். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் பிடித்து, நுனியைக் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். தலையைப் பின்னால் சாய்க்க வேண்டாம். முழுப் பலனுக்கு இரண்டு வாரம் வரை ஆகும். தினமும் அடிக்க வேண்டும். இரத்தம் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பண்டாரவளை ஆசிரியர்: வளர்ச்சியைப் பற்றிப் பேசாமல் தாண்டுகிறீர்களே? பெக்லோமெட்டசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஓராண்டு அடித்த பிள்ளைகளின் உயரம் பின்தங்கியது என்று ஆய்வே உண்டு. இன்னொன்று: ஒவ்வாமையைத் தூண்டும் தூசுப்பூச்சி காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. மழையில் கசியும் லயன் வீட்டுச் சுவரும், வெயிலே காணாத கம்பளியும் இருக்கும்வரை எத்தனை போத்தல் வாங்குவது? கூரையைத் திருத்த வேண்டிய தோட்ட நிர்வாகத்தை யார் கேட்பது?

ஹட்டன் மருந்தாளர்: கேட்கத்தான் வேண்டும். ஆனால் கூரை திருந்தும்வரை அந்தப் பிள்ளை வாயால் மூச்சுவிட்டு, தூக்கம் கெட்டு, வகுப்பில் சோர்ந்து கிடக்க வேண்டுமா? நீங்கள் சொன்ன வளர்ச்சிக் குறைவு பெக்லோமெட்டசோனில் கண்டது. மொமெட்டசோனை ஓராண்டு கொடுத்துப் பார்த்தபோது அது தெரியவில்லை. அந்த வயதுக்கு ஒவ்வொரு மூக்கிலும் நாளுக்கு ஒரு அடிதான். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள் அக்கா.

கொட்டகலை அம்மா: இரண்டையும் செய்கிறேன்.

பண்டாரவளை ஆசிரியர்: என் மனம் இன்னும் ஒப்பவில்லை. தொடங்குவதானால் இன்றே உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். கிளினிக்கில் அதைக் காட்டாமல் அடுத்த போத்தலை வாங்காதீர்கள்.