அண்ணா சாலையில் இரு கட்டடங்கள், ஒரே உரிமையாளர்: எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை அண்ணா சாலையில் வந்து சேரும் முனையில் நிற்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைச் சென்ற வாரம் நெடுநேரம் நின்று பார்த்தேன். செங்கல் சுவரின் வெடிப்பில் அரசங்கன்று ஒன்று வேரூன்றி, வளைவு ஒன்றின் விளிம்பைப் பிளந்துகொண்டிருக்கிறது. சிறிது தூரத்தில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம். இரண்டும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம் என்கிறார்கள். அவ்வளவு உயரமான கட்டடத்தைக் கட்டிய எல்.ஐ.சி., அதைவிட அறுபது ஆண்டுகள் மூத்த இதை எதற்காக வாங்கியது?

மறுமொழி 1:
ஐயா, பழையதை எல்.ஐ.சி. விலைகொடுத்து வாங்கவில்லை, புதியதைக் கட்டத் தொடங்கியதும் எல்.ஐ.சி. அன்று. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டன. பாரத் இன்சூரன்ஸின் சொத்துகளோடு பழைய கட்டடமும், யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தின் சொத்துகளோடு அப்போது கட்டுமானத்தில் இருந்த இந்த மாடிக்கட்டடமும் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தன. மாடிக்கட்டடத்தைக் கனவு கண்டு தொடங்கிய தொழிலதிபர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் மறைந்துவிட்டார். 1959 ஆகஸ்டில் நடந்த திறப்பு விழாவைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்நாளில் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான்.

மறுமொழி 2:
மூத்த கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1897-இல் டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்தது அது. அன்றைய பெயர் கார்டில் கட்டடம். பிற்பாடுதான் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியிராவிட்டால், நீங்கள் நின்று பார்க்க அங்கே எதுவும் இருந்திராது. 2010-இல் வந்த தீர்ப்பு அதைக் காப்பாற்றியது. ஆனால் இடிக்காமல் விடுவது மட்டுமே பராமரிப்பு ஆகிவிடாது என்பதை அந்த அரசங்கன்றே காட்டுகிறது.

1975-இல் எல்.ஐ.சி. மாடிக்கட்டடம் தீப்பற்றி எரிந்தது. எரிந்துபோனதே என்று அதை யாரும் இடித்துத் தள்ளவில்லை. செப்பனிட்டு மீண்டும் அலுவலகம் நடத்துகிறார்கள். இளையவருக்குக் கிடைத்த அந்த அக்கறை மூத்தவருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக அந்தக் கன்றை வேரோடு அகற்றி வெடிப்பை அடைக்குமாறு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுகிறேன். உடன் கையொப்பமிட விரும்புவோர் தெரிவியுங்கள்.