மூன்று எண்களுக்கு மடிப்புக் குறிப்பு எப்படி?

கணித ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் தரம் 7 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.), பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) இரண்டையும் கொப்பியில் மடித்துத் திறக்கக்கூடிய வண்ணத்தாள் ஒட்டிப் படிப்பிக்கிறேன்.

இரண்டு எண்கள் என்றால் சிக்கலே இல்லை. 24, 36 இரண்டுக்கும் ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள். நடுவில் இரண்டுக்கும் பொதுவான முதன்மைக் காரணிகள் 2, 2, 3. இடப்பக்கம் எஞ்சிய 2. வலப்பக்கம் எஞ்சிய 3. நடுவிலுள்ளவற்றைப் பெருக்கினால் 12, எல்லாவற்றையும் பெருக்கினால் 72. பக்க மடிப்புகளை மூடினால் பொ.கா.பெ., திறந்தால் பொ.ம.சி. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி.

12, 18, 20 என்று வரும்போதுதான் தலைவலி. 12க்கும் 18க்கும் மட்டும் பொதுவான 3ஐ நடு வட்டத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள், பொ.கா.பெ. 2 என்பதற்குப் பதில் 6 வந்துவிடுகிறது. மூன்று வட்டங்களை மடிக்கவும் தாள் இடம் தருவதில்லை, கொப்பி வேறு தலையணைபோல் உப்புகிறது.

இதற்கு எளிய மடிப்பு முறை யாரிடமாவது இருக்கிறதா? ஒளிபுகும் தாளில் செய்து பார்த்தவர்கள் உண்டா? எண்களை வரிசையாக எழுதிப் பொதுக் காரணிகளால் படிப்படியாக வகுக்கும் வகுத்தல் ஏணி முறையைச் சொல்லாதீர்கள். அதில் விடை வரும், விளக்கம் வராது. கொப்பிப் பக்கத்தின் படம் ஒன்று அனுப்பினால் பேருதவி. தவணைப் பரீட்சை நெருங்குகிறது.