இணையவழி வகுப்பில் மாணவர்களை உரையாட வைப்பது எப்படி?

வணக்கம். காரைக்குடியில் உள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரலாற்று மாணவர்கள் 40 பேருக்குச் செட்டிநாட்டு வீடுகளின் கட்டடக் கலையை 6 வாரங்களாகக் கூகுள் கிளாஸ்ரூம் வழியாகக் கற்பிக்கிறேன். நேரில் நன்றாகப் பேசும் இவர்கள், எழுத்து விவாதத்தில் "நானும் இதையே நினைக்கிறேன்" என்று முடித்துக்கொள்கிறார்கள். மதிப்பெண் உண்டு என்றேன். ஒரே பதில் பல பெயர்களில் வந்தது. ஐந்து ஐந்து பேராகக் குழு பிரித்தேன். குழுவுக்கு ஒருவரே எழுதினார்.

ஒருமுறை மட்டும், ஆத்தங்குடிக் கல் எனப்படும் வண்ணத் தரை ஓடு செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகளான ஒரு மாணவி, கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, பிறகு கல்லைத் தண்ணீரில் ஊறவைப்பதை விவரித்து எழுதியதும், 11 பேர் அடுத்தடுத்து அவரிடம் கேள்வி கேட்டார்கள். இவ்வீடுகளில் பயன்படுத்தப்பட்ட பர்மா தேக்கைப் பற்றிய அடுத்த கேள்விக்கு மீண்டும் மௌனம்தான்.

சொந்த அனுபவம் இல்லாத தலைப்பிலும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதும்படி விவாதக் கேள்வியை எவ்வாறு அமைக்கலாம்?