100% சார்ஜில் டெலிவரி கொடுத்தால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம்!

கியர்மறந்தவன்:
"மின்சாரக் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு" என்ற பழைய இழையில் ஒரு பெரியவர் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார். டெலிவரி நாளில் திரையில் 100% காட்டினால் சாவியைத் தொடாதே, வண்டியைத் திருப்பி அனுப்பு, அந்த பேட்டரி அன்றைக்கே கெட்டது என்று. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து வாரத்தில் வண்டி என்றார்கள். முப்பத்தொரு வாரம் ஆனது. முதலில் கப்பல் தாமதம், அப்புறம் ஏதோ மென்பொருள், நடுவில் இரண்டு மாதம் ஒரு பதிலும் இல்லை. போன் செய்தால் "அடுத்த வாரம் சார்". நேற்று காலை ஒருவழியாக வண்டி கைக்கு வந்தது. முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கே முழுசாக நிரப்பி வைத்துவிட்டார்களாம். காலை எட்டுக்கு நான் எடுத்தேன். ஆக 14 மணி நேரம் 100 சதவீதத்தில் நின்றிருக்கிறது. இதற்காகத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொரு முப்பத்தொரு வாரம் நிற்க வேண்டுமா? கேட்பவன் கேனையன் என்றால் எதையும் எழுதலாம் போல.

எண்பதேபோதும்:
அந்தப் பெரியவர் நான்தான். நேரடியாகப் பெயர் சொல்லிக் கேட்கத் தைரியம் வேண்டும்.

14 மணி நேரம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. லித்தியம் பேட்டரியை நிரப்பி நிறுத்தி வைக்கக் கூடாது என்பது பேட்டரியின் அரிச்சுவடி. நிரப்புவதாக இருந்தால் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக நிரம்பும்படி வைக்க வேண்டும். முப்பத்தொரு வாரம் காத்திருந்த உங்களால் இன்னும் இரண்டு வாரம் காத்திருந்து நல்ல வண்டியாக எடுத்திருக்க முடியாதா? 14 மணி நேரம்!

டீசல்வாசம்:
எங்களுக்கு டேங்க் நிரப்பிக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். உங்கள் உலகத்தில் நிரப்பிக் கொடுத்தவன் குற்றவாளி. நல்லா இருங்கள் சாமி.

வரிசைஎண்217:
நான் இன்னும் காத்திருப்பில்தான் இருக்கிறேன். வண்டி வரும் கப்பலை இணையத்தில் வரைபடம் போட்டுத் தினமும் பார்க்கிறேன். ஆறு நாளாக நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் நிற்கிறது, வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு சந்தேகம்: உங்கள் வண்டி பேட்டரியில் எந்த வகை செல், எல்எஃப்பியா (இரும்பு பாஸ்பேட்) என்எம்சியா (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்)? அதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேள்விப்பட்டேன்.

கியர்மறந்தவன்:
217, ஷோரூமில் கேட்டேன். "லித்தியம் சார்" என்றார்கள்.

ஓம்விதி:
இரண்டுமே லித்தியம்தான் ஐயா. கடலில் மீன் பிடித்தேன், என்ன மீன் என்றால் தண்ணீரில் இருந்தது என்பதுபோல் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நிரப்பி வைத்தால் பேட்டரி மூப்படையும் என்பது உண்மை. செல்லின் உள்ளே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கும். மின்னழுத்தம் உயர்வாக இருக்கும்போது, அதிலும் சூடு சேர்ந்தால், அந்தப் படலம் வேகமாகத் தடிக்கும். தடிக்கத் தடிக்க லித்தியம் அதில் சிக்கிக்கொண்டு வேலைக்கு உதவாமல் போகும். ஆனால் இதெல்லாம் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் தெரிகிற விஷயம். ஒரு ராத்திரியில் ஆவதை ஷோரூம் கருவியால் அளந்து காட்ட முடியாது. போதாததற்கு, பல வண்டிகளில் திரை 100 காட்டும்போதும் செல்லுக்குள் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

எண்பதேபோதும்:
"மூப்படையும் என்பது உண்மை." இந்த ஒரு வரி போதும். மற்றதெல்லாம் சப்பைக்கட்டு.

ஓம்விதி:
அடுத்த வரியையும் படிக்கலாம். காசு கேட்க மாட்டார்கள்.

எண்பதேபோதும்:
தம்பி, 1991இல் சோனி லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து நான் இந்தப் பேட்டரிகளோடு புழங்குகிறேன். வீடியோ கேமரா, மடிக்கணினி, செல்போன் என்று எத்தனை உப்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? எல்லாம் சார்ஜரிலேயே கிடந்தவை. என் காரை வாங்கிய நாளிலிருந்து 80ஐத் தாண்ட விட்டதில்லை. நீண்ட பயணத்துக்கு மட்டும் 90. அதையும் மனசு கேட்காமல்தான் செய்வேன்.

ஓம்விதி:
யாரைத் தம்பி என்கிறீர்கள்? எனக்குப் பேத்தி இருக்கிறாள்.

எண்பதேபோதும்:
வயதுக்கும் பேட்டரி அறிவுக்கும் சம்பந்தம் இல்லை.

ஓம்விதி:
1991 கதையை எடுத்தது நீங்கள். நான் இல்லை.

தனித்தமிழ்த்தேர்:
தலைப்பிலேயே "சார்ஜ்", "டெலிவரி". மின்னேற்றம், ஒப்படைப்பு என்று எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? பேட்டரியும் அல்ல, மின்கலம். நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

டீசல்வாசம்:
சரி. மின்கலத்தை 14 மணி நேரம் மின்னேற்றத்தில் வைத்தால் மின்மூப்பு வருமா வராதா, அதைச் சொல்லுங்கள்.

தனித்தமிழ்த்தேர்:
மின்மூப்பு என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது.

கியர்மறந்தவன்:
ஒரு தகவல். நேற்று ஓட்டும்போது பெடலை விட்டால் வண்டி வேகம் குறையவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. சோதனை ஓட்டத்தில் காலை எடுத்ததும் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. பிரேக்கில் கோளாறோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். இன்று காலை 85க்கு இறங்கியதும் பழையபடி இழுக்கிறது.

எண்பதேபோதும்:
பார்த்தீர்களா! பேட்டரி திணறியிருக்கிறது. 14 மணி நேரம் மூச்சு முட்ட வைத்தால் வேறென்ன செய்யும்?

ஓம்விதி:
திணறவில்லை. வேகம் குறையும்போது மோட்டார் மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிரம்பி இருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடம் இல்லை. நிரம்பிய குடத்தில் ஊற்ற முடியாது, அவ்வளவுதான். குளிரிலும் இப்படி ஆகும். முதல் நாள் ஓட்டுகிறவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதது ஷோரூமின் தப்பு. முழு சார்ஜில் டெலிவரி கொடுப்பதில் உண்மையில் எரிச்சலான விஷயம் இதுதான், உங்கள் 14 மணி நேரம் அல்ல.

எண்பதேபோதும்:
ஆக முழு சார்ஜில் கொடுப்பது தப்பு என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். இதைத்தான் நான் அந்த இழையிலும் சொன்னேன்.

ஓம்விதி:
விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டு சீதைக்கு ராமன் சித்தப்பா என்றானாம் ஒருவன்.

கியர்மறந்தவன்:
எரிச்சலில், வண்டிக் கணினியின் தகவலைப் படிக்கும் ஒரு ஓபிடி கருவியைச் செருகிச் செயலியில் பார்த்துவிட்டேன். எஸ்ஓஹெச், அதாவது பேட்டரியின் ஆரோக்கிய அளவு, 98.6% காட்டுகிறது. ஓடியது 112 கிலோமீட்டர். இது சரிதானா?

எண்பதேபோதும்:
அனைவரும் கவனிக்கவும். 14 மணி நேரம். குறைந்திருப்பது 1.4%. மணிக்கு 0.1% வீதம். கணக்கு தானாகவே பொருந்துகிறது. இனி இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? புத்தம் புது வண்டியில் 98.6! என் வண்டி வந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் 99க்கு மேல்தான். நான் 80இல் வைத்திருந்தேன். இவர் 100இல் எடுத்தார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஓம்விதி:
மணிக்கு 0.1 என்றால் 1000 மணி நேரத்தில் பூஜ்யம். அதாவது 42 நாளில் பேட்டரி காலி. உலகத்தில் இத்தனை பேர் வண்டியை நிரப்பி வைத்துவிட்டு ஊருக்குப் போகிறார்கள், திரும்பி வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டா போகிறார்கள்?

எண்பதேபோதும்:
நேர்கோட்டில் போகும் என்று நான் எங்கே சொன்னேன்?

ஓம்விதி:
"மணிக்கு 0.1% வீதம்." மேலே இருக்கிறது. உங்கள் கைவண்ணம்தான்.

அந்த எஸ்ஓஹெச் எண் தராசில் நிறுத்துச் சொல்வது அல்ல. பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருள் போடும் ஒரு மதிப்பீடு. புது வண்டியில் அதற்குப் போதிய அனுபவம் இருக்காது. ஆழமாக இறக்கி, மறுபடி ஏற்றி, சில சுற்று போனபின் அந்த எண் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு பேட்டரிகள்கூட அச்சு அசலாக ஒன்றாக இருக்காது.

வரிசைஎண்217:
எல்எஃப்பியா என்எம்சியா என்று பார்த்தீர்களா? எல்எஃப்பி என்றால் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லி சில நிறுவனங்களே எழுதியிருக்கின்றன. அதன் மின்னழுத்தம் நடுவில் ஏறாமல் இறங்காமல் தட்டையாகவே போவதால், மீதி எவ்வளவு என்று மென்பொருளுக்குச் சரியாகத் தெரியாதாம். முழுசாக ஏற்றினால்தான் கணக்கு நேராகும். அப்படியானால் இந்த இழை முழுக்கவே...

எண்பதேபோதும்:
எந்த வகையாக இருந்தாலும் 80.

ஓம்விதி:
217 கேட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். வண்டிக் கையேட்டில் இருக்கும், பாருங்கள்.

கியர்மறந்தவன்:
கையேடு காகிதத்தில் தரவில்லை, வண்டித் திரைக்குள் இருக்கிறதாம். வண்டியை மனைவி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

எண்பதேபோதும்:
கையேட்டை நம்பாதீர்கள். கையேடு எழுதுகிறவனும் வாரண்டி எழுதுகிறவனும் சம்பந்திகள். பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், 70%க்குக் கீழே போனால்தான் மாற்றுவார்கள். 71% என்றால் கை விரித்துவிடுவார்கள். அந்த 71க்கான பயணம் உங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது.

இன்னொன்று கேட்கிறேன். டயரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. அதைப் பார்த்தீர்களா? வண்டி எத்தனை மாதம் யார்டில் வெயிலில் நின்றது, எத்தனை சதவீதத்தில் நின்றது என்று கேட்டீர்களா? முப்பத்தொரு வாரத்தில் இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை, இல்லையா?

கியர்மறந்தவன்:
டயர் இலக்கம் பார்த்தேன். ஏழு மாதப் பழசு. டயர் வண்டிக்கு முன்னாலேயே செய்யப்படும் என்பதுகூடத் தெரியாதா உங்களுக்கு?

அப்புறம், யார்டைப் பற்றிப் பேசும் பெரியவரே, போன வருடம் "மின்சாரக் காரில் 12 வோல்ட் பேட்டரி படுக்கவே படுக்காது, பெரிய பேட்டரி பார்த்துக்கொள்ளும்" என்று இருபது பதிவு போட்டது யார்? மூன்று வாரம் கழித்து நள்ளிரவில் "கதவே திறக்கவில்லை, யாராவது உதவுங்கள்" என்று எழுதியதும் யார்? எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தீர்களா?

டீசல்வாசம்:
ஆஹா. அந்த இழை இன்னும் என்னிடம் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் படிப்பேன்.

எண்பதேபோதும்:
அது வேறு விஷயம். அன்று வண்டியில் ஒரு கேமரா விடாமல் இயங்கிக்கொண்டிருந்தது. வண்டி நன்றாக உறங்கினால் 12 வோல்ட் படுக்காது என்றுதான் சொன்னேன். என் வண்டி உறங்கவில்லை.

ஓம்விதி:
புதிதாகப் படிப்பவர்களுக்காக: பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சை இழுத்துப் பிடிப்பதே அந்தச் சின்ன 12 வோல்ட்தான். அது செத்தால் அடியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கதவு திறக்காது, திரை எரியாது. மாதக் கணக்கில் யார்டில் நின்று வரும் வண்டிகளில் முதலில் மண்டையைப் போடுவதும் பெரும்பாலும் அதுதான். டெலிவரி எடுப்பவர்கள் இந்த 12 வோல்ட் எப்படி இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். 100, 80 சண்டையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

எண்பதேபோதும்:
பேச்சை மாற்றுவதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. கேள்வி 12 வோல்ட் அல்ல. கேள்வி 14 மணி நேரம். 14 மணி நேரம் 100இல் நின்றதா இல்லையா? நின்றது. அவரே எழுதியிருக்கிறார்.

ஓம்விதி:
நின்றது. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

எண்பதேபோதும்:
98.6.

ஓம்விதி:
பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எண்பதேபோதும்:
முயல் அல்ல, 98.6.

தனித்தமிழ்த்தேர்:
எஸ்ஓஹெச் என்பதற்குக் கலநலம் என்று வைக்கலாமா?

வரிசைஎண்217:
நண்பர்களே, கப்பல் நகர ஆரம்பித்துவிட்டது! இப்போதுதான் ஷோரூமிலிருந்தும் போன். மூன்று வாரத்தில் டெலிவரியாம். "முழு சார்ஜ் போட்டுத் தருவோம், எங்கள் அன்பளிப்பு" என்றார்கள். என்ன பதில் சொல்ல?

எண்பதேபோதும்:
எழுத்தில் மறுத்துவிடுங்கள். 80 என்று தெளிவாக எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கியர்மறந்தவன்:
வாயை மூடிக்கொண்டு வாங்குங்கள். மறுத்தீர்கள் என்றால் "சிறப்புக் கோரிக்கை" என்று சொல்லி உங்களை 218ஆம் ஆளாக்கிவிடுவார்கள்.

ஓம்விதி:
என்ன செல் என்று கேளுங்கள்.

வரிசைஎண்217:
கேட்டேன். "லித்தியம் சார்" என்கிறார்கள்.