பாலத்துக்குப் பெயர் வைத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

சுழல்தட்டு:
ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்றின் மேல் 2010-இல் ஒரு பாலம் திறந்தார்கள், பெயர் 'கோ பிட்வீன் பிரிட்ஜ்'. மக்கள் ஓட்டுப் போட்டு வைத்த பெயர். அதே ஊரில் 1977-இல் ராபர்ட் ஃபோர்ஸ்டரும் கிராண்ட் மெக்லெனனும் தொடங்கிய பாப் இசைக்குழுதான் கோ-பிட்வீன்ஸ், பாலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள். எண்பதுகளில் ஆறு ஆல்பம் போட்டார்கள், யாரும் சீந்தவில்லை, 1989-இல் கலைத்துவிட்டுப் போனார்கள். மெக்லெனன் 2006-இல், 48 வயதில் இறந்தார். நாலு வருடம் கழித்துப் பாலம்! இருக்கும்போது எட்டிப் பார்க்காமல், போனபின் மாலை. இசைத்தட்டுக் கம்பெனிகள் செய்த துரோகம் இது.

அரைத்தாளம்:
துரோகமெல்லாம் பெரிய வார்த்தை தோழர். விமர்சகர்கள் அப்போதே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை. காரணம் பாட்டிலேயே இருக்கிறது. 1983-இல் வந்த 'கேட்டில் அண்ட் கேன்' பாட்டை விரல் மடக்கி எண்ணிப் பாருங்கள், தாளச் சுற்று 11 எண்ணிக்கையில் முடியும். முதல் தடவை கேட்டபோது பாட்டுதான் எங்கேயோ தாவிவிட்டது என்று நினைத்துத் திரும்ப வைத்தேன், மறுபடியும் அதே இடத்தில் கால் தட்டுவது தப்பிப் போனது. எனக்கு உயிர் அந்தப் பாட்டு. ஆனால் நாலு நாலாக எண்ணிப் பழகிய காதுகள் அதை வாங்கவில்லை என்றால் யார் மேல் கேஸ் போடுவது?

சுழல்தட்டு:
ஒரே பாட்டை வைத்து வாதாடாதீர்கள். 1988-இல் வந்த 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' ரேடியோவுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். அதுவும் பிரிட்டனில் முதல் 40-க்குள் நுழையவில்லை. இங்கே எந்தத் தாளம் குறுக்கே வந்தது?

அரைத்தாளம்:
சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'போனபின் மாலை' தவறு. 2000-இல் மறுபடி சேர்ந்தார்கள், 2005-இல் 'ஓஷன்ஸ் அபார்ட்' ஆல்பத்துக்கு ஆஸ்திரேலிய இசைத்துறையின் ஆரியா விருதே கிடைத்தது. மெக்லெனன் உயிரோடு இருந்து பார்த்தார்.

கோலும்தோலும்:
இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போடுகிறீர்கள், ஆனால் இவ்வளவு நேரத்தில் லிண்டி மாரிசன் பெயர் ஒரு தடவைகூட வரவில்லையே? அந்த 11-ஐ வாசித்தது யார் என்று நினைத்தீர்கள்? அந்த ஆறு ஆல்பத்திலும் டிரம்ஸ் அவர்தான். அமண்டா பிரவுன் வந்தபிறகுதான் வயலினும் ஓபோ என்கிற ஊதுகருவியும் சேர்ந்து, நீங்கள் ரேடியோவுக்கென்றே தைத்தது என்கிற அந்த ஒலி வந்தது. 1989-இல் குழுவைக் கலைப்பது என்று முடிவெடுத்தது இரண்டு ஆண்கள், பெண்களுக்குப் பிறகுதான் விஷயம் சொன்னார்கள். 2000-இல் அதே பெயரில் திரும்பி வந்தபோது லிண்டியும் அமண்டாவும் இல்லை. தாமதமாக வந்த புகழ் என்கிறீர்களே, அது வரும்போதும் இரண்டு பேர் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. லிண்டியைப் பற்றி ஆங்கிலப் பாடகி டிரேசி தார்ன் 2021-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதவேண்டியிருந்தது.

அரைத்தாளம்:
பாட்டு எழுதியவர்கள் அந்த இரண்டு பேர், பெயர் அவர்களுக்குப் போவது எல்லாக் குழுவிலும் நடப்பதுதானே. டிரம்மர் பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

கோலும்தோலும்:
கம்பெனிக்காரனும் அதைத்தான் சொல்லியிருப்பான் அண்ணா, 'இந்தக் குழுவை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்' என்று.

சுழல்தட்டு:
என் முதல் பதிவில் நானும் இரண்டு பெயர்தான் எழுதியிருக்கிறேன், இப்போதுதான் கவனித்தேன். சரி, பாலத்தின் பெயரிலாவது தனியாள் யாரும் இல்லை, முழுக் குழுவும் இருக்கிறது.

கோலும்தோலும்:
இருக்கிறது. காரில் போனால் அதற்கும் சுங்கம் கட்டவேண்டும்.