பழைய பர்மா தேக்கு உத்திரங்களை மறுபடி பயன்படுத்துவது குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் இடிக்கப்பட்ட ஒரு பழைய வீட்டின் பர்மா தேக்கு உத்திரங்களையும் நிலைக்கதவுகளையும் வாங்கி, நாங்கள் கட்டவிருக்கும் சிறிய வீட்டின் மாடிக் கூரைக்குப் பயன்படுத்த எண்ணியுள்ளோம். புதிதாக ஒரு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய மரம் என்பதால் இனி அதிகம் முறுக்கிக்கொள்ளவும் வாய்ப்பில்லை.

நிலைக்கதவுகளைப் பற்றிக் கவலையில்லை. உத்திரங்கள்தான் யோசிக்க வைக்கின்றன. சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் ஈரம் பட்டுக் கறுத்திருக்கின்றன. ஆணியால் குத்தினால் ஓரிரு இடங்களில் மாவுபோல் உதிர்கிறது. நடுப்பகுதியில் வைரம் பாய்ந்த மரம் கெட்டியாகவே உள்ளது, ஆனால் ஓரத்து வெள்ளைப் பகுதியில் உளுத்த துளைகள் தெரிகின்றன. முனைகளை எவ்வளவு தூரம் வெட்டி நீக்கினால் போதும்? பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமல் காக்கும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைப் பூசினால் தேக்கின் வைரத்துக்குள் அது இறங்குமா, அல்லது வெள்ளைப் பகுதியைச் செதுக்கி எறிவதே நல்லதா? பழைய உத்திரத்தின் தாங்குதிறனை எப்படிக் கணக்கிடுவது என்று எங்கள் பொறியாளரும் தயங்குகிறார். உள்ளே முறிந்த ஆணிகள் இருக்கும் என்று வாள்பட்டறையிலும் அறுத்துத்தர மறுக்கிறார்கள் (அவர்களைக் குறை சொல்லவும் முடியாது). இத்தகைய மரத்தில் வேலை செய்து பழகிய ஆசாரிகளையோ கட்டுமானப் பொறியாளர்களையோ சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.