மறுமொழி: கிராயினாவுக்கு ‘இராணுவ எல்லை’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபினரின் நாட்டில், தென்விளிம்பில் இருந்த காவல் நிலப்பகுதியான கிராயினாவைத் தமிழில் ‘இராணுவ எல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. எல்லை என்றதும் மனத்தில் ஒரு கோடுதான் விழும். கிராயினாவோ குடிகள் உழுது வாழ்ந்த நிலம். குரோவாசியாவின் லீகா, கோர்டுன் மேடுகளில் தொடங்கி, சாவா, டான்யூப் ஆறுகளை ஒட்டிக் கிழக்கே பனாத்து வட்டாரத்துக்கும் அப்பால் நீண்டது.

16ஆம் நூற்றாண்டில் உஸ்மானியத் துருக்கியரின் படைகள் வடக்கே ஏறிவந்தபோது எழுந்த காப்பு அது. 1579இல் கட்டத் தொடங்கிய கார்லோவாட்ஸ் கோட்டை ஆறுமுனை விண்மீன் வடிவம் கொண்டது. ஆனால் அந்த அமைப்பின் உயிர் மதிலில் இல்லை, குடியேற்றத்தில் இருந்தது. உஸ்மானியர் நிலத்திலிருந்து வந்த விளாக் (பால்கன் மேய்ச்சல் குடிகள்), செர்பியக் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலம் கிடைத்தது. நிலக்கிழாருக்குச் செலுத்தும் வாரமும் வெட்டிவேலையும் இல்லை. ஈடாக, அழைத்தபோது ஆண்கள் ஆயுதத்தோடு வரவேண்டும். சாவா, திராவா ஆறுகளுக்கு இடையே குடியேறிய விளாக்குகளுக்கு 1630இல் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டு சாசனமே எழுதிக் கொடுத்தார்.

படைப்பணிக்காக நிலம், நிலத்துக்காகப் படைப்பணி. இந்தப் பிணைப்பு சொல்லில் தெரியவேண்டாமா? சென்ற மடலில் ஒருவர் ‘பாளையம்’ என்றார். அழகான சொல், ஆனால் பாளையக்காரர் வரி தண்டிய தலைவர்; கிராயினாவின் வீரனோ தன் நிலத்தைத் தானே உழுதவன்.

புதுக்கோட்டைக் கல்வெட்டுகளில் படைவீரர் நிலைகொண்ட ஊர்களுக்குப் ‘படைப்பற்று’ என்ற பெயர் வருகிறது. படையும் நிலமும் ஒரே சொல்லில் நிற்கின்றன. எனவே ‘எல்லைப் படைப்பற்று’ என்பது என் பரிந்துரை. அங்கே பணிசெய்தவர் ‘பற்றுவீரர்’.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அந்த அமைப்பில் கடைசியாக எஞ்சிய பகுதி 1881இல் குரோவாசியா-சுலாவோனியா அரசோடு இணைக்கப்பட, அது முடிந்துபோனது. 1991 முதல் 1995 வரை அதே மண்ணின் சில பகுதிகளில் தன்னை அறிவித்துக்கொண்ட செர்பியக் கிராயினா குடியரசுக்கு இச்சொல்லை ஏற்றக் கூடாது. அங்கே ‘கிராயினா’ என்ற பெயரே இருக்கட்டும். சுலாவிய மொழிகளில் ‘கிராயினா’ பொதுச்சொல்லாக வரும் இடத்தில் ‘எல்லைப்புறம்’ போதும்.

நிலத்தைப் பிரிக்காமல் ஒன்றாக உழுத ‘சாத்ருகா’ குடும்பங்களுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கூட்டுக்குடி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?